அறை எண் வராத எச்சரிக்கை

12, வெள்ளி
காலையிலேயே புழுக்கம். பூந்தமல்லியிலிருந்து நின்றுகொண்டே பஸ். திருமழிசை குளிர்பதனக் கிடங்கில் இன்றைய வேலை: பிரிண்டரைச் சரிசெய்வது. அப்புறம், குளிரூட்டும் அம்மோனியா வாயு கசிந்தால் எல்லார் போனுக்கும் செய்தி அனுப்பும் குட்டி புரோகிராம், அந்த ஸ்கிரிப்ட். அதிலிருந்த இரட்டை மேற்கோள் குறிகளை எல்லாம் ஒற்றையாக்கினேன். பார்க்கச் சீராக இருக்கிறது. ஓட்டிப் பார்க்கவில்லை. ஐந்தே கால் பஸ்.

13, சனி
தூறல். குடை மறந்தேன். சென்சாரைத் துடைத்தபோது ஒரு செய்தி வந்ததாம். ஆபரேட்டர் தேசிங்கு அண்ணன் போனை நீட்டினார். “இன்னாமா இது, டாலர் போட்டு வந்துகீது?”
அறை $room கசிவு.
“திங்கக்கெழம பாக்குறேண்ணா.”
சிரித்தார். நானும்.

15, திங்கள்
காலையில் பிரிண்டர் மறுபடி. ஸ்கிரிப்டைத் தொடவில்லை. பதினொன்றரைக்குச் சைரன். ஆறு அறைக்கும் அது ஒன்றுதான். எந்த அறை என்பது செய்தியில்தான் வரும். வந்தது, அதே டாலரோடு. “எந்த ரூம்?” மேனேஜர் கத்தினார். யாருக்கும் தெரியவில்லை.
“உள்ள ரெண்டு பொம்பளைங்க கீறாங்க சார்!” தேசிங்கு அண்ணன் முகத்தில் ஈரத்துணியோடு ஓடினார். ஒன்று, இரண்டு என்று கதவு கதவாகத் திறந்தார். இரண்டாம் அறையிலிருந்து அந்தப் பெண்கள் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். மூன்றில் இன்னும் யாராவது இருக்கலாம் என்று திறந்தார். கசிவு அங்கே. அம்மோனியா முகத்தில் அடித்தது.

16, செவ்வாய்
சாப்பிடவில்லை. இரட்டை மேற்கோளுக்குள் $room என்று எழுதினால் அந்த இடத்தில் அறை எண் வந்து உட்காரும். ஒற்றைக்குள் எழுதினால் அந்த எழுத்துகளே போகும். கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் வாரத்தில் படித்த பாடம். மேனேஜரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். “சென்சார் கோளாறுன்னு எழுதிட்டோம். நீ எதுவும் பேசாத.”
தலையாட்டினேன்.

17, புதன்
ஆஸ்பத்திரி. அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. பார்வையைப் பற்றி டாக்டர் வாய் திறக்கவில்லை. அவர் மனைவி தனம் அக்கா எனக்கு ஸ்டூல் இழுத்துப் போட்டார். சொல்லத்தான் போனேன். ஆரஞ்சு கொடுத்துவிட்டு வந்தேன்.

18, வியாழன்
மேகமூட்டம். மேற்கோள்களை மறுபடி இரட்டையாக்கினேன். மூன்றாம் அறையை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ‘அறை 3 கசிவு.’ சரி.
உடனே போன். தேசிங்கு அண்ணன் நம்பர். செய்தி போகும் பட்டியலில் அவர் போன் இன்னும் இருக்கிறது.
தனம் அக்கா. மூச்சு வாங்குகிறது. “மூணாம் ரூம்னு வந்துகீது. உள்ள ஆரு கீறாங்க? வெளிய வரச் சொல்லும்மா!”
“யாரும் இல்லக்கா. நம்பர் வருதான்னு சும்மா அனுப்பிப் பாத்தேன்.”
“அப்போ அன்னிக்கு நம்பர் வர்லியா?”
அக்கா போனை வைக்கவில்லை. நானும்.