முடியாது என்று சொல்லாத பட்டறை

2 பிப்ரவரி 2025
பரீஹா பிஎச்.டி.க்கு விண்ணப்பித்துவிட்டாள். நிர்வாகப் படிப்பு. வங்கி வேலையை விட்டுவிட்டு, தாராவிப் பட்டறைகள் எப்படி ஆர்டர் பிடிக்கின்றன என்று ஆராயப் போகிறாளாம் என் மகள். போன வருஷம்தான் எழுதக் கற்றுக்கொண்டவன் நான். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

9 பிப்ரவரி
ஆராய்ச்சிக்காகப் பழைய கதை கேட்டாள். டாக்டர் பை கதையைச் சொன்னேன். கொலாபாக் கடை சேட், டாக்டர்கள் தூக்கிப்போகும் அந்தத் தோல் பையைத் தைத்துத் தரக் கேட்டபோது, நானும் பட்டறைக் கூட்டாளி சுயம்புவும் அப்படியொன்றைக் கண்ணால் கண்டதில்லை. "ஹோ ஜாயேகா, சேட்", ஆகிவிடும் என்றுவிட்டோம். வந்த வேலையை முடியாது என்கிற வழக்கம் பட்டறையில் கிடையாது. முதலில் சரி என்பது, பிறகு கற்றுக்கொள்வது. சயானில் ரயிலேறிய ஒரு டாக்டரின் மடியிலிருந்த பையைப் பார்த்தபடியே தாணே வரை போனோம். திருடர்கள் என்று பயந்துவிட்டார். சுயம்பு விஷயத்தைச் சொன்னதும், பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்து காட்டினார். என்ன நாட்கள் அவை.

4 மார்ச்
முதல் இன்டர்வியூ, கம்ப்யூட்டரில். அந்த இடம் கை நழுவிப் போய்விட்டது.

5 மார்ச்
ஏதோ கணக்கு முறை தெரியுமா என்றார்களாம். தெரியும் என்றாளாம். அதிலேயே அடுத்த கேள்வி. வாயடைத்துப் போனாள்.
"தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே, பிள்ள?"
"நம்ம வீட்ல யாரு வாப்பா அப்படிச் சொல்லிருக்கா?"
பக்கத்திலிருந்த சுயம்புதான் சொன்னான்: "தாணே வரைக்கும் போய்ட்டு வர அவளுக்கு நேரம் குடுத்தானுவளாவே?"
இன்னும் ஒரே இடம்தான் பாக்கி. பெங்களூர். அதுவும் போனால்?

19 மார்ச்
பெங்களூர் இன்டர்வியூ, இதுவும் கம்ப்யூட்டரில். அவள் அறைக் கதவுக்கு வெளியே நானும் சுயம்புவும். உள்ளே 'ஐ டோன்ட் நோ' என்றாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். "போச்சுவே" என்றான் சுயம்பு.
வெளியே வந்து சொன்னாள்: "தெரியாதுன்னுட்டேன், வாப்பா. எங்க பட்டறைல அந்த வார்த்தை ஏன் வராதுன்னும் சொன்னேன். பிறகு ஒரு மேடம் அதைப் பத்தியேதான் கேட்டாங்க."
நல்லதா, கெட்டதா? அவளுக்கும் தெரியவில்லை.

12 ஏப்ரல்
பெங்களூரில் இடம் கிடைத்துவிட்டது. சுயம்புவிடம் சொல்லப் போகிறேன், நாளை எழுதுகிறேன்.

6 ஜூலை
பரீஹா பெங்களூர் போன பிறகும், என் மனைவி மெஹராஜ் இன்னும் மூன்று பேருக்கே அரிசி போடுகிறாள். சுயம்பு வந்து, "டாக்டரம்மா பங்கு எங்க, மைனி?" என்று உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறான்.