கிருபா இருட்டில் உறங்கிய செய்தி

பாறசாலை,
கொல்லம் 1093 ஐப்பசி 14.

பீர்மேட்டு மலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் என் அன்புள்ள அத்தானுக்குச் சுகிர்தபாய் எழுதிக்கொண்டது. கர்த்தர் தயவில் நானும் கிருபாவும் சுகம். அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். கம்பளியை மடித்துப் பெட்டியில் வைக்காமல் போர்த்திக்கொள்ளுங்கள்.

இங்கே மழை விட்டபாடில்லை. மரச்சீனிக் கிழங்கு நட்ட இடத்தில் தண்ணீர் கட்டியதால் கூலிக்குப் பொன்னையனை விட்டு, தண்ணீர் வடியச் சால் வெட்டினேன். சீமையில் நடக்கும் சண்டை காரணமாக மண்ணெண்ணெய் வரத்து நின்றுபோயிற்று. நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் போனவர்களும் வெறும் குப்பியோடு திரும்பினார்கள். நான் எழுதவந்த காரியம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

நீங்கள் போனது முதல் விளக்கு எரிந்தால்தான் கிருபா உறங்குவாள். திரியைத் தாழ்த்தினாலே விழித்துக்கொள்வாள். எண்ணெய் தீர்ந்த அன்று அழுத அழுகையில் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடுமோ என்று நினைத்தேன். மிரட்டினேன், ஜெபித்தேன், அவல் கொடுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

அழுகை கேட்டு மறுநாள் லீலாபாய் வந்தாள். உங்கள் மாமா மகள் மேலைவீட்டில்தான் இருக்கிறாள், மிஷன் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள், இன்னும் கலியாணம் ஆகவில்லை என்பதெல்லாம் நான் சொல்லியா நீங்கள் அறிய வேண்டும்? ஒரு காலத்தில் உங்களுக்கென்று பேசியிருந்தவள். எதனால் முறிந்தது என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் பகலிலேயே அறைக் கதவையும் சன்னலையும் சாத்திக் கிருபாவோடு உள்ளே உட்கார்ந்தாள். எது பாய், எது பெட்டி, எது அம்மையின் சேலை என்று தடவிப் பார்த்துச் சொல்கிற விளையாட்டு. பிள்ளையின் சிரிப்பு அடுக்களை வரை கேட்டது. அந்தியில் வெளிச்சம் குறையக் குறைய வாசலில் இருந்து, இது தவளை, இது ஓலையில் மழை, இது மேலைவீட்டு மாமாவின் இருமல் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் பேர் சொல்லப் பழக்கினாள். கிடத்தியபின் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவாள். பிள்ளை பதில் சொல்லும். நாளாக ஆகக் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றாள். ஒரு வாரத்துக்குள் கிருபா இருட்டில் உறங்கினாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. பிள்ளை உறக்கத்திலும் சித்தி என்றாள். முறைக்கு அவள் சித்திதான், மறுக்கவில்லை. ஆனால் கதவருகே நின்று நான் கூப்பிட்டால், "நீ வேண்டாம், சித்தி கூப்பிடட்டு" என்றாள். பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும்? பிள்ளையின் பாயில் லீலாபாயின் தலை எண்ணெய் வாசம் அடித்தது. மழை நாளென்றும் பாராமல் பாயைக் கழுவிப் போட்டேன்.

ஒரு நாள் அவள் பிள்ளையைக் கிடத்திக்கொண்டே, "உங்க அப்பாவுக்கும் சின்னதில இருட்டுன்னா பேடியாக்கும் மக்கா. என் கையப் பிடிச்சிட்டுத்தான் வரப்பு கடப்பாரு" என்றாள். நான் அடுக்களையில் நின்று கேட்டேன். ஆறு வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். கஞ்சிக்கு உப்பு எவ்வளவு வேண்டும், மழைக்காலத்தில் எந்தத் தோள் வலிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் இருட்டுக்குப் பயந்த இந்தக் கதை தெரியாது. வெளியே வந்து, "இனி நீ வரண்டாம். என் பிள்ளைய நானே உறக்கிக்கிடுவேன்" என்றேன். அவள் ஈரக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று நான் பிள்ளையின் பக்கத்தில் படுத்தேன். காற்றில் கதவு அசைந்தது. நான் நடுங்கினேன் போலும். கிருபா என் கையைத் தடவிக்கொண்டு, "அம்மா பேடிக்காண்டாம். அது கதவு. இது பாயி. நான் இஞ்ச உண்டு" என்றாள். அத்தான், நீங்கள் இல்லாத இந்த வீட்டில் இருட்டைக் கண்டு பயந்தவள் நானாக்கும். பிள்ளை அந்தப் பயத்தை என்னைப் பார்த்துத்தான் படித்திருக்கிறாள்.

விடிந்ததும் மேலைவீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. பிள்ளை தேடுகிறாள் என்று மட்டும் சொன்னேன். லீலாபாய் கருப்பட்டிக் காப்பி தந்து உட்காரச் சொன்னாள். "நான் வரணும்னு இல்லக்கா. வெளிய நின்னு நீங்களே கூப்பிடுங்க. முதல்ல பிணங்குவா, பொறவு பதில் சொல்லுவா" என்றாள். அப்படியே செய்தேன். இரண்டு நாள் பிணங்கினாள். மூன்றாம் நாள் உள்ளிருந்து, "எந்தா அம்மா?" என்றாள். நான் இருட்டில் நின்று அழுதேன்.

இப்போது லீலாபாய் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பிள்ளையோடு இருந்துவிட்டுப் போகிறாள். என் எரிச்சல் தீர்ந்தது என்று பொய் எழுத மாட்டேன். அவள் உங்கள் பேரை எடுத்தால் இன்னும் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கோபிக்கக் கூடாது. அந்த மலையில் தனியே எப்படி உறங்குகிறீர்கள்? யாரும் அறியாத ஏதாவது ஒன்று, எவ்வளவு சின்னதானாலும், எனக்கு எழுதுங்கள். அவளுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்காவிட்டாலும் அதை மட்டும் எழுதிவிடுங்கள். நீங்கள் படுக்கும் இடத்தைக் கர்த்தர் காப்பாராக.

உங்கள்
சுகிர்தம்.