ஸ்டாண்டின் உயரம்

ஜனவரி 16, வியாழன்

திருமயம் வரலாற்றில் குறித்து வைக்கவேண்டிய நாள். மாலை 4.20-க்கு, தொலைநோக்கி ஸ்டாண்டை இனி என் உயரத்திலேயே நிரந்தரமாக நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்தேன். திருகு நழுவுகிறது. என்னோடு பறவை பார்க்க வரும் குள்ளமான ஆரோக்கியதாஸுக்கு இறக்கி, எனக்கு ஏற்றி, எட்டு வருடத்தில் முதுகு போய்விட்டது. கருப்பு டேப் ஒன்பது சுற்று. இருவரும் பாதிப்பாதி போட்டு வாங்கிய கருவி. முடிவை நான் மட்டும் எடுத்தேன். பெரிய முடிவுகள் அப்படித்தான்.

ஜனவரி 18

ஆரோக்கியதாஸ் போன். அவருக்கு வலது கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை. வியாழக்கிழமை இடது கண்ணில் ஆபரேஷன். டாக்டர் உறுதி எதுவும் தரவில்லை. "அதுக்கு முன்னாடி அந்த நண்டுதின்னிய ஒரு தடவ பாத்துட்டாப் போதும் சார்." நம் கரைக்கு வரும் பறவைகளில் அவர் பார்க்காதது அது ஒன்றுதான்.

ஸ்டாண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நான் ஸ்டூல் எடுத்தாந்துர்றேன் சார்."

தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருடம் இருந்தும் ஆட்சேபணை எழுதக் கற்றுக்கொள்ளாத மனிதர்.

ஜனவரி 19, ஞாயிறு

மீமிசல். இரண்டு பஸ். ஸ்டூலுக்கு அரை டிக்கெட் போடவா என்று கண்டக்டர் கேட்டார். தாஸ் மட்டும் சிரித்தார்.

நண்டுவலை போடும் முகமது ரபீக் எங்களைக் கரையிலிருந்து சேற்றுவெளிக்குக் கூட்டிப்போனார். ஸ்டூலைப் பார்த்தார். ஸ்டாண்டைப் பார்த்தார். என்னை அண்ணாந்து பார்த்தார்.

"இத எறக்கிட்டாப் போச்சே சார்?"

திருகின் வரலாற்றை அவருக்கு விரிவாகச் சொன்னேன்.

8.50. ரபீக் கையை நீட்டினார்: "அங்கிட்டு, தண்ணி ஓரமா." வெள்ளை உடம்பு, கருப்பு முதுகு, தடித்த அலகு. தனியாக ஒன்று. தொலைநோக்கியை அதன்மேல் நிறுத்திவிட்டு நான் கேமராவை எடுத்துக்கொண்டேன்.

தாஸ் ஸ்டூலில் ஏறினார். அதன் கால் சேற்றில் இறங்கியது. பிடுங்கி வேறிடத்தில் வைத்தார், அங்கேயும் இறங்கியது. ரபீக் ஓடிப்போய் உடைந்த படகுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து அடியில் போட்டு, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல வெளிச்சம்.

"சார், வெறும் தண்ணிதான் தெரியுது."

அப்போதுதான் அது பறந்திருந்தது.

மதியம் இரண்டு வரை நின்றோம். திரும்பவில்லை. பஸ்ஸில் கேமராத் திரையைக் காட்டினேன். முகத்தோடு ஒட்டி வைத்து வெகுநேரம் பார்த்தார். "அழகா எடுத்திருக்கீங்க. ஆனா போட்டோல பாத்தது கணக்குல வராதே." எட்டு வருடத்துக்கு முன் எங்கள் பறவைப் பட்டியலுக்கு அந்த விதியை எழுதியது நான்.

ஜனவரி 20

அறுபத்து மூன்று படங்கள். முதலாவது 8.51, கடைசி 9.02.

பதினோரு நிமிடம் அது அங்கேயே நின்றிருக்கிறது — நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? படத்தில்தான் இருக்கிறதே.

ஜனவரி 23

ஆபரேஷன் முடிந்தது. கட்டு போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 11

தாஸின் மனைவி செபமாலை பேசினார். கட்டைப் பிரித்து இரண்டு வாரமாகிறது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிறதாம். ஜன்னலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லையாம். இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சேறு படிந்த ஸ்டூல் என் வீட்டில்தான் இருக்கிறதா என்று தாஸ் கேட்கச் சொன்னாராம். இருக்கிறது என்றேன்.

மாலையில் டேப்பைப் பிரித்து, ஸ்டாண்டை அவர் உயரத்துக்கு இறக்கினேன். நாற்பது நொடி ஆனது.