கீழே வைக்க முடியாத கிண்ணம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்க மனசு வரவில்லை. உன் தம்பி கல்யாணம் முடிந்தது. நீ வராததற்கு வேலை என்று சொன்னாய்; வந்தவர்களிடம் நானும் அதையே சொல்லிச் சமாளித்தேன்.

நம் வீட்டுப் பழைய மரக்கிண்ணம் நினைவிருக்கிறதா? ஒரே கட்டையில் குடைந்து, விளிம்பைச் சுற்றிக் கொடி செதுக்கி, கைப்பிடிக்கு இரண்டு பறவைத் தலை வைத்தது. உருண்டை அடி என்பதால் காலியாகாமல் கீழே வைக்க முடியாது. கல்யாணத்தன்று மூத்த மருமகள் முதல் வாய் குடிப்பாள், பிறகு மற்றவர்கள். காய்ந்து வெளிறிக் கிடந்ததை எண்ணெய் தடவித் தடவி மினுங்க வைத்தவள் உன் மனைவிதான்.

கூடம் நிறைய ஆட்கள். உன் பெரியப்பா பழச்சாற்றை நிரப்பி எடுத்து வந்தார். இவள் கை நீட்டினாள். அவர் இவளைத் தாண்டிப் போய்ப் புதுப்பெண்ணிடம் நீட்டினார். ஏன் என்று கேட்டேன். "அவ இனிமே இந்த வீட்டு ஆளு இல்ல. பெரியவனே போன்ல சொல்லிட்டான்" என்றார். பெற்றவளுக்கும் கட்டினவளுக்கும் அந்தச் சேதி அத்தனை பேர் நடுவில்தான் தெரிந்தது. அவரிடம் சொல்ல வந்த வாய், இவளிடம் சொல்ல ஏன் வரவில்லை?

புதுப்பெண் கிண்ணத்தைத் தொடவில்லை. அக்கா குடிக்கட்டும் என்றாள். நேற்று வந்தவளுக்கு இருக்கிற புத்தி! உன் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கொட்டவும் முடியாமல், வைக்கவும் வழியில்லாமல் மனிதர் நின்றார். கிண்ணம் சாய்ந்து சாறு அவர் புதுச் சட்டையில் வழிந்தது. எனக்குப் பாவமாகவே இல்லை.

"யாருக்கு முதல்ல போகணும்னு உங்களுக்கே தெரியும்" என்றேன். கடைசியில் அவரே திரும்பி வந்து இவளிடம் நீட்டினார். நிமிர்ந்து நின்று ஒரு வாய் குடித்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். அழவில்லை. அன்றிலிருந்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.

அங்கே உனக்கு யார் சமைக்கிறார்கள், யாரோடு இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. இவள் இங்கேதான் இருப்பாள், என் அறைக்குப் பக்கத்து அறையில். சொல்ல வேண்டியதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு தடவையாவது வா. நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இன்னும் வேண்டிக்கொள்கிறேன். அப்படி வேண்டுவது இப்போது சுலபமாக இல்லையப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா