குறை சொல்ல வந்தவளுக்கு ஒரு கதிரை

சேர்,

இன்று காலை அந்தச் சின்னக் கபில நிறப் போத்தலைத் திறந்தேன். பஞ்சில் சில துளிகள் விட்டதும் அமோனியாவின் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் முட்டியது. சனிக்கிழமை தோறும் நடப்பதுதான். ஆனாலும் இன்று பஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டேன். பாதிக் கண்ணீர் அமோனியாவுக்கு, மீதி உங்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போன பிறகு வந்திருக்கும் முதல் மீன் சீசன் இது. வாசலில் லொறிகள் வரிசையாக நிற்கின்றன, எல்லோருக்கும் உடனே ஐஸ் வேண்டும், எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் ஐஸ் ஆலைக்கு வருமுன் நான் வேலை செய்த இடத்தைப் பற்றி நீங்கள் ஒருநாளும் துருவிக் கேட்டதில்லை. அங்கே தீயணைக்கும் தண்ணீர்ப் பம்பி இயங்கவில்லை என்று ஒருமுறை சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். "இந்தப் பிள்ளைக்கு எப்பவும் ஏதாவது ஒரு குறை" என்று பெயர் வந்தது. கொஞ்ச நாளில் வேலையும் போனது. அதற்குப் பிறகு ஓர்ஸ் ஹில் வாடகை வீட்டில் அம்மாவும் நானும் எப்படி இருந்தோம் என்பதை எழுதப்போவதில்லை. வாயைத் திறக்குமுன் சுற்றிப் பார்க்கிற பழக்கம் மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது. விதி, உங்களிடம் எனக்குக் கிடைத்த வேலையோ பாதுகாப்புக் கருவிகளைச் சோதித்துப் பழுதைச் சொல்வது. சம்பளம் கொடுத்துக் குறை சொல்லச் சொன்ன இடம் அது ஒன்றுதான்.

ஐஸ் உறைவது அமோனியாவால். குழாய்க்குள் ஓடும்வரை அது நல்ல பிள்ளை. வெளியே கசிந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும், கூடினால் ஆளையே கொண்டுபோகும். அதனால்தான் இயந்திர அறைச் சுவரில் வாயுவை மோப்பம் பிடிக்கும் கருவி இருந்தது. அது கண்டுபிடித்தால் மணி அடிக்கும். உள்ளே நிற்பவர்கள் ஓடலாம், மதிலுக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்காரரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். எனக்கு முன்னர் அங்கே சோதனை என்றால் கருவிக்குக் கீழே இருந்த பொத்தானை அமத்துவதுதான். மணி கணீரென்று அடிக்கும், எல்லோருக்கும் திருப்தி. பொத்தானை அமத்தினால் மணி நன்றாக இருக்கிறது என்றுதான் தெரியும். மூக்கு நன்றாக இருக்கிறதா என்று தெரியாது.

நான் சேர்ந்த வருடத்துச் சீசனில், ஒரு சனிக்கிழமை, பஞ்சை அந்தக் கருவிக்குக் கிட்டப் பிடித்தேன். மணி அடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நனைத்து மூக்கோடு மூக்காகப் பிடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. பொத்தானை அமத்தினால் மட்டும் ஊரையே எழுப்புகிற மாதிரி அடித்தது. வெளியே வாசலில், சல்லி ஊரிலிருந்து வந்த என் அண்ணா வாடகை லொறி நிறையச் சூரை மீனோடு ஐஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் ஆலை நிற்கும், அவருடைய மீன் பழுதாகும், என் வேலையும் போகும் என்று நினைத்தேன். உங்கள் அறை வாசலுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

"சேர், வாயுவைப் பிடிக்கிற கருவி வேலை செய்யேல்லை."

"இப்பக் கசியுதா?"

"இல்லை. கசிஞ்சாலும் எங்களுக்குத் தெரியவராது. அதுதான் பிழை."

நீங்கள் எழுந்து சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்து மேசைக்கு முன்னால் போட்டீர்கள். "அப்ப இரிங்க தங்கச்சி. கெட்ட செய்தி கொண்டு வாற ஆள் நிண்டுட்டுக் கதைக்கப்படா." பிறகு காவலாளியைக் கூப்பிட்டு, சீனி கூடப் போட்டு ஒரு பிளேன்டீ கொண்டுவரச் சொன்னீர்கள். வெளியே லொறிக்காரர் ஹோர்ன் அடிக்கிறார்கள், இந்த மனுசன் தேத்தண்ணீருக்குச் சொல்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். ஆனால் இரண்டு மிடறு இறங்கியதும் அந்த ஹோர்ன் சத்தம் தூரப் போனது. "இப்பச் செல்லுங்க, என்ன பழுது?" என்றீர்கள். ஒன்றையும் விடாமல் சொன்னேன். சுற்றிப் பார்க்கவில்லை.

என்னோடு வந்து, பஞ்சை நீங்களே பிடித்துப் பார்த்தீர்கள். இயந்திரம் ஓட்டுகிறவருக்குக் கோபம். "எங்களுக்கு மூக்கு இல்லையா சேர்? எத்தினை வருசமா இந்த மணத்துக்குள்ள நிக்கிறம்."

"அதுதான் பயமா இரிக்கி. பழகின மூக்குக்கு மணம் புடிபடாது," என்று சொல்லி, இயந்திரத்தை நிறுத்தச் சொன்னீர்கள். அந்த இரைச்சல் நின்றதும் என் காது கூசியது.

கொழும்பிலிருந்து முதலாளி தொலைபேசியில் கத்தியது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் கேட்டது. நீங்கள் கத்தவில்லை. "ஓம் முதலாளி. நானும் பாத்தன். நான்தான் நிப்பாட்டினன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். என் பெயர் அந்தக் கதையில் வரவேயில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "பழுதக் கண்டது நீங்க, நிப்பாட்டினது நான். அவர் ஏசினது நிப்பாட்டினதுக்குத்தானே?" என்று சிரித்தீர்கள். முதலாளி வேறு ஊரில் கட்டிக்கொண்டிருந்த பெரிய ஆலைக்கு உங்களைத்தான் அனுப்புவதாக இருந்தது. அது வேறொருவருக்குப் போனது. அதையும் நீங்கள் சொல்லவில்லை. காவலாளி சொல்லித்தான் அறிந்தேன். அன்றைக்கு உங்கள் முன்னால் வந்து நின்று என்ன சொல்வதென்று தெரியாமல், தேத்தண்ணீருக்குச் சீனி கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வாசலில் நின்றவர்களிடமும் நீங்களே போய்ப் பேசினீர்கள். இருந்த ஐஸைப் பங்கு போட்டீர்கள், கிண்ணியாவில் இருந்த உங்கள் சொந்தக்காரரைப் பிடித்து அங்கிருந்து கொஞ்சம் எடுப்பித்தீர்கள். அண்ணாவின் மீனுக்கு அது போதவில்லை. பாதியை வெட்டி உப்புப் போடவேண்டி வந்தது. "உன்ர மணி அடிக்கேல்லை எண்டு என்ர மீன் கருவாடாப் போச்சு," என்று சொன்னவர், பிறகு பல மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மறுநாள் புதுக் கருவி வந்தது, பூட்டினார்கள், பஞ்சைப் பிடித்தேன், மணி அடித்தது. வாயு அன்றும் கசியவில்லை, அதற்குப் பிறகும் கசியவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "ஒண்டும் நடக்கேல்லையே, பிறகேன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கன்டீனில் எல்லோரும் என் காதுபடவே கேட்டார்கள். நான் உங்களிடம் வந்து முறையிட்டேன். கொஞ்சமாவது கசிந்திருந்தால் இவர்களுக்குப் புத்தி வந்திருக்கும் என்றுகூடச் சொன்னேன். முதலும் கடைசியுமாக உங்கள் முகம் கறுத்ததை அன்றுதான் பார்த்தேன். "அப்புடிச் செல்லப்படா தங்கச்சி. ஒண்டும் நடக்காமப் போகத்தானே நாம ரெண்டு பேரும் வேலைக்கு வாறம்."

ஐஸ் ஆலை மனேஜர், ஒருநாளும் குளிர்ந்த தண்ணீர் குடித்ததில்லை. கேட்டால் தொண்டை கட்டும் என்பீர்கள். நாங்கள் எவ்வளவு பகிடி பண்ணியும் நீங்கள் மாறவில்லை. நீங்கள் இறந்த அன்று, உங்கள் மையத்து வீட்டுக்குப் பாலம் கடந்து வந்தபோது வாசலில் யாரோ எனக்குக் குளிர்ந்த சோடா நீட்டினார்கள். அதைப் பார்த்ததும்தான் நான் உடைந்து அழுதேன். உள்ளே பெண்களோடு இருந்த உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுலயும் அப்புடித்தான். புள்ளயள் சோதினையில கொறஞ்ச மார்க் எடுத்துட்டு வந்தா, முதல்ல இரிக்கச் செல்லித் தேத்தண்ணி குடுப்பாரு. பொறவுதான் விசாரண," என்றார். அந்த வீட்டில் அழுதுகொண்டே சிரித்த இரண்டு பேர் நாங்கள்தான்.

இப்போது மனேஜராக உங்கள் மேசையில் நான் இருக்கிறேன். போன மாதம், வாசல் நிறைய லொறி நின்ற ஒரு காலையில், கட்டைபறிச்சானிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர் கதவருகே வந்து நின்றார். என்னைவிட மூத்தவர். உள்ளே வராமல், முன்னும் பின்னும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், சேர்.

"மிஸ், கோவிக்கக்கூடாது. காத்தை வெளிய தள்ளுற பெரிய காத்தாடி சுத்துதில்லை."

இப்பதானா உனக்குக் கண் தெரிஞ்சது என்று நாக்கு நுனிவரை வந்தது. என் குணம் உங்களுக்குத் தெரியும். ஆனால் நாக்கு அசையுமுன் கால் எழுந்துவிட்டது. சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் அதில் இருக்கத் தயங்கி, என் முகத்தைப் பார்த்து, மெல்ல இருந்தார். நான் வரவழைத்த தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தக் காத்தாடி சுற்றாவிட்டால் கசிகிற வாயு அறைக்குள்ளேயே நிற்கும். இயந்திரத்தை நிறுத்தினேன். முதலாளி அழைத்தார். நான்தான் நிப்பாட்டினது என்றேன். உங்களைப் போல மெல்லச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை, கொஞ்சம் கத்திவிட்டேன்.

அண்ணா இப்போது சனிக்கிழமைகளில் ஐஸ் எடுக்க வந்தால், வாசலில் நின்றே, "என்ன, மணி அடிச்சதோ?" என்று கேட்பார். பகிடிக்குத்தான். ஆனால் பதில் கேட்காமல் போகமாட்டார்.

இன்றும் கேட்டார். அடித்தது என்றேன். அவர் லொறியில் ஐஸ் ஏற்றிக்கொண்டு போனார். இயந்திரம் ஓடுகிறது. மதிலுக்கு அப்பால் யாரோ பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். பழுது இருந்தால்தான் உங்களிடம் வரவேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட சட்டம். இன்று பழுதில்லாமலும் வந்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும்.

இன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை, சேர்.