கூரை போடாத வீடும் உன் மகளின் பாஸ்போட்டும்

என் உயிர்த் தங்கச்சி புவனத்துக்கு,

நீ கண்மூடி மூன்று வருடமாகியும் உன் அண்ணன் வாய்மூடவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனாலும் நம் ஊர் வவுணதீவில் நான் எழுந்து பேசினால், வயல் வட்டையில் மேய்கிற கொக்குக்கூட ஒற்றைக் காலில் நின்று கேட்கும்.

போன மாதம் பட்டணத்திலிருந்து அதிகாரிகள் வந்து விழிப்புணர்வுக் கூட்டம் வைத்து நோட்டீஸ் கொடுத்தார்கள். வெளிநாட்டு வேலை என்று சொல்லி ஆட்களை விற்கிறார்கள், கவனமாம். நான் ஒரு மணித்தியாலம் விளாசினேன். அதிகாரி அம்மா எழுதுவதையே மறந்துவிட்டா! ஆனால் முன்வரிசையில் இருந்தது யார் தெரியுமா? உன்னை அனுப்பிய அதே ஏஜென்சிக்காரன். கூட்டத்துக்குக் கதிரையும் சோடாவும் அவன் உபயம். செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வருகிறான், கோயில் திருவிழாவில் ஒரு நாள் அவனுடையது. அவனைக் கண்டால் நம் வீட்டு நாயே வாலாட்டுகிறது. இவனை எந்த நோட்டீஸில் எழுதிப் பிடிப்பது?

உன் மகள் நிரோஜாவின் பாஸ்போட் இப்போது அவன் கையில். விசிட் விசாவில் போய், அங்கே வேலை விசாவாக மாற்றலாமாம். உனக்கும் இதைத்தானே சொன்னான்?

நோயாளியாய்த் திரும்பி வந்த உன் கையில் இருந்த தழும்புக்கு, நான் ஊருக்கு ஒரு கதை சொன்னேனே! ஷேக் வீட்டுக் கலியாணத்தில் ஆயிரம் பேருக்கு நீ சமைத்தபோது எண்ணெய் தெறித்தது என்றேன். பிள்ளைக்காவது உண்மையைச் சொல்வோம் என்று ஓடினேன்.

“புள்ள, அது எண்ணெய் இல்ல. வீட்டுக்காரி அயன் பெட்டியால சுட்ட.”

“தெரியும் மாமா. அம்மாவக் குளிப்பாட்டின நான்தானே.”

“தெரிஞ்சுமா போறாய்?”

“மறுகா என்ன செய்யிற? எனக்குப் பேசின குருக்கள்மடத்துச் சம்பந்தக்காரரிட்ட, ஆவணிக்குள்ள கூரை போட்டு மேல்மாடியும் எடுத்துத் தாறம் எண்டு சொன்ன ஆரு? நானா?”

சொன்னது நான்தான். வாய் கொழுத்துச் சொன்னேன்.

விழிப்புணர்வாம், விழிப்புணர்வு! யாருக்குத் தெரியாது? பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் மாப்பிள்ளை படியேற மாட்டான். வெட்டு மெசின் வந்தபின் வயலில் பெண்களுக்குக் கூலி வேலையும் இல்லை. மகளுக்கு வீடு கட்டவென்று தாய் போகிறாள், சுவர் எழும்புமுன் உடைந்து வருகிறாள். மிச்சத்தைக் கட்ட மகள் புறப்படுகிறாள். நடந்ததைச் சொன்னால் மானம் போகுமென்று என்னைப் போன்றவர்கள் பூசி மெழுகுகிறோம். அந்தப் பூச்சின் மினுக்கத்தைப் பார்த்து அடுத்த வீட்டுப் பிள்ளையும் பாஸ்போட்டுக்குப் போட்டோ எடுக்க ஓடுகிறது. சீ!

மறுநாள் குருக்கள்மடம் போனேன். கூரையும் இல்லை, மாடியும் இல்லை, சுவர் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது என்றேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, புவனம். மாப்பிள்ளையின் தாய், “அப்ப நாங்க வேற இடம் பாக்கிறம்” என்று எழும்பிவிட்டா.

நிரோஜா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, “இனி நான் போகல்ல. பாஸ்போட்ட வாங்கித் தாங்க மாமா” என்றாள். அந்தக் குரல் அப்படியே உன்னுடையது.

ஏஜென்சிக்காரன் சிரித்தான். “டிக்கெட் போட்டாச்சி அண்ணன். வேற ஒரு புள்ளயக் காட்டுங்க, இதத் தாறன். உங்கட வாய்க்கு ஆள் பிடிக்கிற கஷ்டமா?”

அன்று நீ யாருக்குப் பதிலாகப் போனாய், தங்கச்சி? எவளின் மாமன் உன் பெயரைச் சொன்னான்? எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லையே.

நாளைக் காலை நிரோஜாவும் நானும் பொலிசுக்குப் போகிறோம். எத்தனை நாள் அலைந்தாலும் பாஸ்போட் வரும்வரை அவன் வாசலை நான் விட மாட்டேன். இந்த வாய் இன்னும் எத்தனை கதை கட்டுமோ தெரியாது. ஆனால் அவன் கேட்கிற அந்த மற்றப் பிள்ளையின் பெயர் இதிலிருந்து வராது. இது உன் மேல் சத்தியம்.

உன் ஒரே அண்ணன்,
நிரோஜாவின் தாய்மாமன்,
கந்தப்பன்