டம்ளரைத் தட்டும் விரல்

செவ்வாய், இரவு.

நிஷா காபி குடிக்கும்முன் டம்ளரை விரலால் இருமுறை தட்டுவாள். அவள் பிறக்கும் முன்பே இறந்துபோன என் கணவர் ஜோசப்பின் பழக்கம் அது. அவர் ரத்தம்தான் அவளிடம் தட்டுகிறது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். இவ்வளவுக்கும் நான் வேலை செய்வது மரபணு ஆய்வகத்தில். சாயல் தெரிந்தவுடன் ரத்தம்தான் காரணம் என்று எழுதாதீர்கள், வீட்டையும் விசாரியுங்கள் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்வதும் நான்தான்.

காலையில் நிஷாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தாள். "நீயும்தான் தினமும் தட்டறேம்மா. உன்னைப் பாத்துத்தான் எனக்கு வந்துச்சு."

எனக்கே தெரியாது. அவரோடு வாழ்ந்த இரண்டு வருடத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மாலையில் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் காபி போட்டு, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததாலோ என்னவோ, அது தட்டவே இல்லை.